நிறை குறைக்கும்போது உடலில் தங்கும் நீர்: தராசடியில் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டு நகரான ஹட்டனில் நான் மருந்தாளராக வேலை செய்யும் கடையின் வாசலில் ஒரு நிறுவைத் தராசு இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்து வாங்க வருகிறவர்களைவிட அதில் ஏறிப் பார்க்க வருகிறவர்களே அதிகம். இறங்கும்போது அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். இவை நிறை குறைக்க முயலும், வேறு பெரிய நோய் இல்லாத வளர்ந்தவர்களுக்கானவை. கர்ப்பிணிகளும், இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களும், எந்த வீக்கத்தை விட்டுவிடக்கூடாது என்ற கேள்வியை முதலில் வாசிக்க வேண்டும்.

உடம்பில் நீர் தங்கியிருக்கிறது என்கிறார்களே, அது கொழுப்பா, நோயா?

இரண்டும் அல்ல. வளர்ந்த ஒருவரின் நிறையில் 50 முதல் 60 சதவீதம் வரை நீர்தான். 70 கிலோ நிறையுள்ள ஆண் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 40 லீற்றர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள்ளும், எஞ்சியது குருதியிலும் கலங்களுக்கு இடைப்பட்ட இடங்களிலும் இருக்கும். உணவு, உப்பு, ஓமோன்கள், வேலை, தூக்கம் ஆகியவற்றுக்கேற்ப அந்த வெளிநீர் நாளுக்கு நாள் கூடிக் குறையும். ஒரு கிலோ கூடுவதும் குறைவதும் சுகமாக இருப்பவர்களுக்கும் வழமையானதே.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை நாளில் பறித்த கொழுந்துக்குத் தண்ணீருக்கென்று சில கிலோ கழிப்பார்கள். அந்தக் கழிவு நியாயமா என்பது வேறு வழக்கு, ஆனால் தராசுக்கு ஈரமும் இலையும் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் உடலை நிறுக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நேற்று இருந்ததைவிட இன்று ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. ஒரே இரவில் இவ்வளவு கொழுப்பு ஏறுமா?

ஏறாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்கு 11,500 கலோரி வேண்டும். கோதுமை மா 100 கிராமில் சுமார் 350 கலோரி இருப்பதால், அவ்வளவு மாவில் சுட்ட ரொட்டிகளை, வழமையான சாப்பாட்டுக்கு மேலதிகமாக, முப்பதுக்கு மேல் சாப்பிட்டிருந்தால்தான் அது நடக்கும். அப்படிச் சாப்பிட்டவர் எவரும் மறுநாள் காலையில் தராசடிக்கு நடந்து வரமாட்டார். கூடியது நீரும், குடலில் இன்னும் இருக்கும் உணவும்தான்.

அப்படியென்றால் எந்த நேரத்தில் நிறுப்பது சரி?

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், தேநீர் குடிப்பதற்கு முன், மெல்லிய உடையோடு நிறுப்பதே சரி. வீட்டில் தராசு இருந்தால் அதைச் சாக்கின்மேலோ கம்பளத்தின்மேலோ வைக்காமல், சமமான சிமெந்துத் தரையில் வைக்க வேண்டும். தினமும் நிறுப்பவர்கள் ஏழு நாட்களின் சராசரியை மட்டுமே முந்திய கிழமையின் சராசரியோடு ஒப்பிட வேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை கடைத் தராசையே நம்பியிருப்பவர்கள் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வருவதோடு, கம்பளிச் சுவெட்டரையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஏற வேண்டும். நம் ஊர்க் குளிருக்குப் போடும் உடுப்பு மட்டும் ஒரு கிலோவைத் தாண்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் கிழமை மூன்று கிலோ குறைந்தது. பிறகு தராசு அசையவே இல்லை. என்ன பிழை விட்டேன்?

பெரும்பாலும் எந்தப் பிழையும் இல்லை. முதல் கிழமையின் கணக்கைத் தவறாக விளங்கிக்கொண்டதுதான் பிரச்சினை. சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாப்பொருளின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோசன் என்ற வடிவில் சேமிக்கிறது: ஈரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் தன்னுடன் சுமார் 3 கிராம் நீரை வைத்திருக்கிறது. சோற்றையும் ரொட்டியையும் திடீரென்று குறைத்தவுடன் இந்தச் சேமிப்புச் செலவாகி, அதோடு இருந்த நீரும் சிறுநீராக வெளியேறும். இப்படியே ஒன்றரை, இரண்டு கிலோ போய்விடும். சாப்பாடு குறைந்ததால் உள்ளே போகும் உப்பும் குறைந்து இன்னும் சிறிது நீர் இறங்கும். மூன்று கிலோவில் கொழுப்பின் பங்கு அரைக் கிலோவாக இருந்தாலே அது நல்ல கிழமைதான்.

இதே கணக்கு மறுபக்கமாகவும் ஓடும். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இரண்டு நாள் வயிறாறச் சாப்பிட்டால் கிளைக்கோசனும் அதன் நீரும் திரும்பி வந்து தராசில் இரண்டு கிலோ கூடும். “ஒரு மாதப் பாடும் வீணாய்ப் போய்விட்டது” என்று அன்றோடு எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் பலர். வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பிய நான்கைந்து நாட்களில் அதில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

உப்புத்தான் காரணம் என்கிறார்கள். நாங்கள் அப்படியென்ன உப்பு சாப்பிடுகிறோம்?

நினைப்பதைவிட அதிகம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பதை வைத்து மீதியைக் கணக்கிடலாம். உடலின் வெளிநீரும் ஏறத்தாழ அதே செறிவில்தான் இருக்க முடியும் என்பதால், மேலதிகமாகச் சேர்ந்த ஒவ்வொரு 3 கிராம் உப்பும், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை, ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் சமையலில் உப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. ரொட்டி மாவில் உப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் கட்டைச் சம்பலில் உப்பு, சம்பலில் இடித்த மாசிக் கருவாட்டில் உப்பு. மத்தியானச் சோற்றுக்குக் கருவாடோ ஊறுகாயோ அப்பளமோ இருந்தால் அதிலும் உப்பு. சோயா மீட், நூடில்ஸ் பொதிகளோடு வரும் சுவைத் தூள், சோஸ், பாண், பிஸ்கட் எல்லாவற்றிலும் அது மறைந்திருக்கிறது. நான் சொல்வது ஒரே ஒரு விதிதான்: ஒரு வேளைச் சாப்பாட்டில் உப்புக் கூடிய பொருள் ஒன்றுக்கு மேல் வேண்டாம். சம்பல் இருந்தால் ரொட்டி மாவில் உப்பு வேண்டாம். கருவாடு இருந்தால் அதைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கலாம். நாக்கு பழகுவதற்குச் சில கிழமைகள் எடுக்கும்.

உப்பைக் குறைத்தால் கழுத்தில் கழலை வராதா? மலைநாட்டில் அயடீன் குறைவு என்று பாட்டி சொல்லுவார்.

பாட்டி சொன்னது வெறும் பேச்சல்ல. மழை மிகுந்த பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் அயடீன் குறைவாக இருந்ததால் கழலை நோய் பரவலாக இருந்தது. அதனாலேயே இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. உப்பின் அளவை 5 கிராமுக்குள் கொண்டுவந்தாலும், அது அயடீன் சேர்த்த உப்பாக இருந்தால் போதும். அயடீன் ஆவியாகிப் போவதால் உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி வைப்பதும், சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பதும் நல்லது.

சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாப்ரில், லொசாட்டன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதை வாங்கக் கூடாது.

நீர் தங்குகிறது என்றால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதுதானே முறை?

முறையல்ல. தண்ணீர் குறைந்தால் மூளை ஓர் ஓமோனைச் சுரந்து, உள்ள நீரை இறுக்கிப் பிடிக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும். சிறுநீர் குறைந்து, நிறம் சாயத் தேநீர் போலாகும். தங்கும் நீரின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உப்புத்தான், குடிக்கும் தண்ணீர் அல்ல. மேலும் குளிர் ஊரில் தாகம் குறைவாகவே தெரிவதால், நாம் ஏற்கனவே குறைவாகத்தான் குடிக்கிறோம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். தேநீரும் கஞ்சியும் அந்தக் கணக்கில் சேரும்.

கொழுந்து மலையில் வேலை செய்யும் பெண்கள் பலர், அங்கே கழிவறை இல்லாததால், வேலை முடியும் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இது அறியாமை அல்ல, வசதியின்மை; அதை ஆலோசனையால் தீர்க்க முடியாது. காலையில் புறப்படும் முன்னும் வீடு திரும்பியவுடனும் கூடுதலாகக் குடியுங்கள் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. இருதய அல்லது சிறுநீரகச் செயலிழப்புக்காகத் தண்ணீரை அளந்து குடிக்குமாறு வைத்தியர் சொல்லியிருந்தால், இந்தப் பதில் அவர்களுக்குரியதல்ல.

சாயத் தேநீர் நீரை இறக்கும் என்கிறார்களே?

தேநீரில் உள்ள கஃபீன் சிறுநீரைச் சிறிது கூட்டும். ஆனால் நாள்தோறும் குடித்துப் பழகியவர்களில் அந்த விளைவு மிகக் குறைவு. நான் கவலைப்படுவது சீனியைப் பற்றி: ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல்.

மாதவிடாய் வரும் கிழமையில் என்ன செய்தாலும் நிறை கூடுகிறது. அந்தக் கிழமை உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், அந்தக் கிழமையின் எண்ணைத்தான் விட்டுவிட வேண்டும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஓமோன்களின் மாற்றத்தால் உப்பும் நீரும் தங்குவதுண்டு. சிலருக்கு எதுவும் தெரியாது. சிலருக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடி, மார்பு கனத்து, மோதிரம் இறுகும். இரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அது தானாக இறங்கும். ஆகவே பெண்கள் இந்தக் கிழமையைப் போன கிழமையோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் இதே கட்டத்தோடு ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு.

நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறேன். மாலையில் கால் வீங்குகிறது. இதுவும் அந்த நீர்தானா?

அதே நீர்தான், புவியீர்ப்பு அதைக் கீழே இறக்கியிருக்கிறது. காலில் உள்ள குருதி மேலே ஏற, கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிப் பம்பு போல அழுத்த வேண்டும். நின்ற நிலையில் நிற்கும்போது அந்தப் பம்பு மந்தமாகி, குருதிக்குழாயிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் சேரும். வீடு திரும்பியவுடன் கால்களை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி இருபது நிமிடம் படுப்பதும், நிற்கும்போது இடையிடையே குதிகாலைத் தூக்கி இறக்குவதும் உதவும். அட்டைக்குப் பயந்து காலுறையின் மேல் இறுக்கிக் கட்டும் ரப்பர் பட்டி இதை மோசமாக்கும். இரவில் படுத்தெழுந்தும் வீக்கம் வடியாவிட்டால் அது வேறு விடயம்.

உடற்பயிற்சிக்கென்று நடக்கத் தொடங்கினேன், நிறை கூடிவிட்டது. தசை வளர்ந்துவிட்டதா?

ஒரு கிழமையில் தராசு அறியும் அளவுக்குத் தசை வளராது. பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, அவற்றைச் செப்பனிட நீர் வந்து சேருகிறது. கூடவே தசை தன் கிளைக்கோசன் சேமிப்பையும் பெருக்கிக்கொள்கிறது. இதில் மலை நடைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஏறும்போது மூச்சு வாங்கினாலும், தசையை அதிகம் நோகச் செய்வது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் சிதைவு கூடும். நோவும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம் பெறும். இரண்டு கிழமை பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகிறேன். உடம்பு மெலிகிறது, ஆனால் முகமும் காலும் வீங்குகின்றன. ஏன்?

இது எனக்குப் பிடிக்காத கேள்வி. அளவு மீறிய பட்டினி நீரைத் தங்கவைக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினியாக வைத்து நடத்திய ஆய்வில், மெலிந்த அவர்களின் கால்களில் வீக்கம் காணப்பட்டது. நம்மிடையே வெறும் ரொட்டியும் தேநீருமாகச் சாப்பாட்டைச் சுருக்குகிறவர்களுக்குப் புரதம் குறைவதோடு, ஏற்கனவே உள்ள குருதிச்சோகையும் முற்றலாம். கடுமையான குருதிச்சோகையும் வீக்கத்தைத் தரும். பருப்பு, முட்டை, கடலை, நெத்தலி, கீரை ஆகியவற்றைத் தட்டில் வைத்துக்கொண்டுதான் நிறை குறைக்க வேண்டும். வீக்கம் வந்த பின் உணவை மட்டும் மாற்றிக் காத்திராமல், ஒரு குருதிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

மூன்று கிழமை ஒன்றும் குறையாமல், திடீரென்று ஒரே இரவில் ஒன்றரைக் கிலோ இறங்கியது. அது எப்படி?

கிழமைக்கு அரைக் கிலோ கொழுப்பு குறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், மேலே சொன்ன காரணங்களில் ஏதோ ஒன்றால் அரை அரைக் கிலோவாக நீர் ஏறிக்கொண்டிருந்தால் தராசு அசையாது. நீர் இறங்கிய அன்று மூன்று கிழமைக் கணக்கும் ஒன்றாகத் தெரியும். காலியான கொழுப்புக் கலத்துக்குள் நீர் நிரம்பி நின்று பிறகு வெளியேறுகிறது என்று ஒரு விளக்கம் பரவியிருக்கிறது. அதற்குத் தெளிவான சான்று இல்லை, அது தேவையும் இல்லை.

நுவரெலியாவுக்கு மாறி வந்த பிறகுதான் முகம் ஊதுகிறது. மலை உயரம் காரணமா?

உயரத்தால் வரும் உடல் கோளாறுகள் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் கவனிக்கப்படுகின்றன. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலும், நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றரிலும் இருக்கின்றன. சிகரத்தில் எவரும் குடியிருப்பதில்லை. காரணத்தை உணவிலும், தூக்கத்திலும், புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளிலும் தேட வேண்டும். சோர்வு, மலச்சிக்கல், தாங்க முடியாத குளிர் ஆகியவையும் சேர்ந்திருந்தால் தைரொயிட் சுரப்பியைப் பரிசோதிப்பது நல்லது.

வைத்தியர் துண்டு இல்லாமல் ஒரு வாரத்துக்கு நீர் மாத்திரை தாருங்கள். கலியாணத்துக்குப் போக வேண்டும்.

தரமாட்டேன். புரூசமைட் போன்ற மாத்திரைகள் இருதயமோ ஈரலோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கும், அவற்றின் வேறு சில வகைகள் குருதி அமுக்கத்துக்கும் தரப்படுபவை. அவை ஒரு கிராம் கொழுப்பைக்கூடக் குறைப்பதில்லை. நீரோடு பொட்டாசியமும் போவதால் தசை பிடிப்பு, தலைசுற்று, சில வேளை இதயத் துடிப்பின் ஒழுங்கே குலைவதும் நேரும். நிறுத்தியவுடன், உப்பு குறைந்துவிட்டதென்று உணர்ந்திருக்கும் சிறுநீரகம் முன்னிலும் இறுக்கமாக நீரைப் பிடிப்பதால், கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் முகம் முன்பிருந்ததைவிட ஊதியிருக்கும். அதைப் பார்த்து மீண்டும் மாத்திரை கேட்டு வருவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்களைக் கண்ட பின்னரே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பொல்பலா எனப்படும் சிறுபீளை, நெருஞ்சில், பார்லி ஆகியவற்றைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் சிறுபீளையில் ஒட்சலேற்று உண்டு, அதைச் செறிவாக நாள்தோறும் குடிப்பது சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று கொள்ள முடியாது.

பிரஷர் மாத்திரை தொடங்கிய பிறகு கணுக்கால் வீங்குகிறது. மாத்திரையை நிறுத்தட்டுமா?

தானாக நிறுத்தக் கூடாது. அம்லோடிபின் என்ற மாத்திரை கணுக்கால் வீக்கத்தைத் தருவது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. அது நுண்குழாய்களிலிருந்து நீரைக் கசியவிடுவதால் வருகிறது, உப்பைக் குறைத்தாலும் முழுமையாகப் போகாது. அடுத்த கிளினிக் நாளில் சொன்னால் வைத்தியர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனாக், இபுபுரோபன் ஆகியவையும், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் வகைகளும் நீரைத் தங்கவைக்கும். நோ மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் சொல்வதற்குப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அதை மருந்து என்றே அவர்கள் நினைப்பதில்லை.

எந்த வீக்கத்தை வெறும் நீர் என்று விட்டுவிடக்கூடாது?

கணைக்காலின் முன்பக்க எலும்பின்மேல் பெருவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறது, அது காலையிலும் வடியவில்லை என்றால் வைத்தியரைக் காண வேண்டும். காலையில் கண்ணிமை ஊதுவதும் சிறுநீர் நுரைப்பதும் சிறுநீரகத்தையும், வயிறு மட்டும் பெருப்பதும் கண் மஞ்சளாவதும் ஈரலையும், படுத்தால் மூச்சு முட்டுவதும் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவதும் இருதயத்தையும் சந்தேகிக்க வைக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி நொந்தால் ஆழ்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவிவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கர்ப்பகாலத்தின் பிற்பாதியில் முகமும் கையும் வீங்கித் தலையிடியோ கண் மங்கலோ இருந்தால், மருத்துவ மாது வீட்டுக்கு வரும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. யானைக்கால் நோயா என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது, மலையகம் அதன் பழைய பிரதேசமும் அல்ல.

எல்லாம் சரி, கூடியது நீரா கொழுப்பா என்று நானே எப்படிக் கண்டுகொள்வது?

வேகத்தையும் இடுப்பளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்களில் வந்து நாட்களில் போவது நீர். கிழமைகளாக ஒரே திசையில் மெல்ல நகர்வது கொழுப்பு. தொப்புளின் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், மாதம் இருமுறை அளக்கும் நாடா, தராசு மறைப்பதைக் காட்டிவிடும். கை கால்களில் மின்னோட்டம் செலுத்திக் கொழுப்பின் சதவீதம் காட்டும் புதிய தராசுகளை இதற்கு நம்ப வேண்டாம்; அவையும் உடலின் நீரை அளந்தே கொழுப்பை ஊகிக்கின்றன, நீர் மாறினால் ஊகமும் மாறும்.

எங்கள் கடைக்கு வரும் ஆசிரியை ஒருவரின் கொப்பியில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் எண்கள் இவை: 68.4, 67.1, 67.3, 67.2, 66.9, 65.8. நடுவில் அசையாமல் நின்ற கிழமைகளில் இடுப்பு 92 சென்ரிமீற்றரிலிருந்து 90க்கு வந்திருந்தது. மாதவிடாய் நாட்களுக்கு ஓரத்தில் ஒரு புள்ளியும், கருவாடு சமைத்த நாட்களுக்கு ஒரு கோடும் போட்டிருக்கிறார், 67.3 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டுமே இருக்கின்றன.